பச்சை டெஸ்டுகளை அப்படியே நம்ப வேண்டாம்

பயனர் கணக்குகளுக்கான தானியங்கி டெஸ்டுகள் ரிவ்யூவுக்கு வரும்போது பெரும்பாலும் எல்லாமே பச்சையாக, அதாவது தேறியதாக, இருக்கும். கணக்கு உருவாகிறது, லாகின் ஆகிறது, பாஸ்வேர்டு மாறுகிறது. புரோகிராமின் எவ்வளவு பகுதியை டெஸ்டுகள் ஓட்டின என்ற கணக்கான கவரேஜும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு வரி ஓடியது என்பதைத்தான் கவரேஜ் சொல்லும். அது சரியாக ஓடியதா என்பதைச் சொல்லாது.

அதனால் அனுமதியைச் சரிபார்க்கும் வரியை என் கணினியில் கமென்ட் ஆக்கி, அதாவது ஓடாமல் செய்துவிட்டு, டெஸ்டுகளை ஓட்டிப் பார்ப்பேன். அப்போதும் ஒன்றுகூடச் சிவக்கவில்லை என்றால், அனுமதியை யாரும் சோதிக்கவே இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எல்லா டெஸ்டும் அட்மின் கணக்கிலேயே ஓடும். ஒரு சாதாரணப் பயனர் யுஆர்எல்லில் இன்னொருவரின் ஐடியைப் போட்டு அவருடைய மின்னஞ்சலை மாற்ற முயன்றால் 403 (அனுமதி இல்லை) என்ற பதில் வர வேண்டும். அது வந்தால் மட்டும் போதாது. டேட்டாபேஸில் பழைய மின்னஞ்சல் அப்படியே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிழைச் செய்தியை அனுப்பிவிட்டு மாற்றத்தையும் சேமித்துவிடும் புரோகிராம்களும் உண்டு. இணையச் செயலிகளின் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 டாப் 10 ஆபத்துகள் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுதான் முதலிடத்தில் இருக்கிறது.

அப்புறம் பாஸ்வேர்டு ரீசெட். லிங்க் வேலை செய்கிறதா என்று எல்லோரும் சோதிக்கிறார்கள். அதே லிங்க்கை இரண்டாம் முறை அழுத்தினால்? காலாவதியான பிறகு அழுத்தினால்? பாஸ்வேர்டு மாறியதும் மற்ற கருவிகளில் திறந்திருக்கும் செஷன்கள் (லாகின் ஆகியிருக்கும் நிலை) மூடப்படுகின்றனவா? கணக்கைத் திருடியவனை வெளியேற்றத்தான் பலர் பாஸ்வேர்டையே மாற்றுகிறார்கள். அவனுடைய செஷன் உயிரோடு இருந்தால் மாற்றி என்ன பயன்? ரீசெட் கேட்கும்போது பதிவில்லாத மின்னஞ்சலைக் கொடுத்தாலும், பதிவான மின்னஞ்சலுக்கு வரும் அதே பதில்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் கண்டுபிடித்துவிடுவான்.

காலாவதியைச் சோதிக்க, டெஸ்டை நிஜமாகவே காத்திருக்க வைக்கும் ஸ்லீப் போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கடிகாரத்தை டெஸ்டே நகர்த்திக்கொள்ளட்டும்.

நீளமான பாஸ்வேர்டுக்கும் ஒரு டெஸ்ட் வேண்டும். பாஸ்வேர்டைச் சேமிக்கும் முன் உருமாற்றும் பிகிரிப்ட் முறை அதன் முதல் 72 பைட்டுகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். மிச்சத்தைப் பல லைப்ரரிகள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட் என்பதால் 24 குறிகளிலேயே எல்லை வந்துவிடும்.

கணக்கை முடக்கும் டெஸ்டில் ஸ்டேட்டஸ் மாறியதை மட்டும் பார்த்திருந்தால் நான் ஒப்புதல் தருவதில்லை. லாகின் ஆனதற்குச் சான்றாக ஏற்கெனவே கொடுத்த டோக்கனை சர்வர் தனியாகத் தடுக்காவிட்டால், அது காலாவதியாகும்வரை செல்லுபடியாகும். முடக்கிய பிறகு அந்தப் பழைய டோக்கனோடு ஒரு கோரிக்கை அனுப்பி, 401 (லாகின் செல்லாது) வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டையும் சேர்க்கச் சொல்வேன்.