எஸ்.ஓ.எம்: காற்றோடு மல்லுக்கட்டிய நிறுவனம்

நூறு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறவர், இத்தனை எடையையும் இது எப்படித் தாங்குகிறது என்றுதான் கேட்பார். எடையைச் சமாளிப்பது அவ்வளவு பெரிய பாடு இல்லை. அது எப்போதும் நேர் கீழே இறங்கும். மாடிகள் இரண்டு மடங்கானால் அடித்தூண்களின் சுமையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காற்றின் கணக்கு வேறு. கட்டடத்தின் அமைப்பும் காற்றின் வேகமும் மாறாமல் உயரம் மட்டும் இரட்டித்தால், அடிப்பகுதியை வளைக்கப் பார்க்கும் திருப்புத்திறன் 4 மடங்காகும். உச்சி பக்கவாட்டில் நகரும் தூரம் 16 மடங்காகும். உயரே போகப் போகக் காற்றும் வேகம் பிடிக்கும் என்பதால் நிலைமை உண்மையில் இதைவிட மோசம்.

இந்தக் கணக்கிலேயே பேர் வாங்கிய கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில், சுருக்கமாக எஸ்.ஓ.எம். 1936இல் லூயிஸ் ஸ்கிட்மோரும் நதானியேல் ஓவிங்ஸும் சிகாகோவில் தொடங்கியது. ஓவிங்ஸின் சகோதரியைத்தான் ஸ்கிட்மோர் மணந்திருந்தார். ஆக, குடும்பத் தொழில் மாதிரிதான் ஆரம்பம். 1939இல் ஜான் மெரில் என்ற பொறியாளர் கூட்டாளியானார். பொதுவாகக் கட்டடக் கலைஞர் வடிவத்தை வரைந்து முடித்துவிட்டு, அதை நிற்க வைக்கும் வேலையை வெளியே ஒரு பொறியியல் நிறுவனத்திடம் கொடுப்பார். எஸ்.ஓ.எம்மில் இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. முதல் கோடு போடும்போதே பொறியாளரும் பக்கத்தில் இருப்பார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடுதான் வேர் என்பது என் எண்ணம்.

போர்க்காலத்தில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்காக ரகசியமாக எழும்பிய ஓக் ரிட்ஜ் நகரைத் திட்டமிட்டார்கள். அப்புறம் 1952இல் நியூயார்க்கின் லீவர் ஹவுஸ். இன்று ஊருக்கு ஊர் நிற்கும் கண்ணாடிப் பெட்டி அலுவலகங்களின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அந்தப் புகழில் கொஞ்சம் பழியும் சேர்த்தி: திறக்கவே முடியாத ஜன்னல்கள், நாள் முழுக்க ஓடும் ஏ.சி. கண்ணாடியைப் பிடித்திருந்த உலோகச் சட்டங்களுக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்ததில், பிற்பாடு அந்தக் கண்ணாடிச் சுவரையே மாற்ற வேண்டியதாயிற்று. புதுச் சுவரை வடிவமைத்ததும் இதே நிறுவனம்தான்.

சரி, காற்றுக்கு வருவோம். 1955இல் ஃபஸ்லூர் கான் என்ற பொறியாளர் எஸ்.ஓ.எம்மில் வேலைக்குச் சேர்ந்தார். டாக்காவில் பிறந்து, மேற்படிப்புக்கு அமெரிக்கா போனவர். அன்றைக்கு உயரமான கட்டடம் என்றால், தூண்களையும் உத்தரங்களையும் உள்ளே முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோர்த்த சட்டகம். இருபது, முப்பது மாடிவரை அது போதும். அதைத் தாண்டினால், காற்றுக்காக மட்டுமே சேர்க்கும் எஃகு மாடிக்கு மாடி எகிறும். உயரத்துக்காகக் கொடுக்கும் இந்தக் கூடுதல் விலையைக் குறைப்பதுதான் கானின் வேலையானது.

ஒரு தூண் கட்டடத்தின் வளைவை எவ்வளவு தடுக்கும் என்பது, மையத்திலிருந்து அது நிற்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மீட்டரில் நிற்கும் தூணை 15 மீட்டருக்கு நகர்த்தினால், அதே தூண் 9 மடங்கு பயன் தரும். அப்படியிருக்க நடுவில் எதற்குத் தூண்களைக் குவிக்க வேண்டும்? வெளி விளிம்பில் அவற்றை நெருக்கமாக நிறுத்தி, ஆழமான உத்தரங்களால் இணைத்தால், முழுக் கட்டடமும் தரையில் ஊன்றிய ஒரே குழாயாகிவிடும். சிகாகோவின் 43 மாடி டிவிட்-செஸ்ட்நட் குடியிருப்பை 1960களில் இப்படித்தான் கட்டினார்கள்.

ஆனால் குழாயில் ஜன்னல் வேண்டுமே. ஓட்டைகள் வந்துவிட்டால், ஒரு தூணில் இருக்கும் விசை அடுத்த தூணுக்குப் போக உத்தரங்களைத்தான் நம்ப வேண்டும். உத்தரங்களோ வளைந்துகொடுக்கும். விளைவு, மூலைத் தூண்கள் பாரத்தை அள்ளிக்கொள்ள, முகப்பின் நடுவில் இருப்பவை வேலையைத் தட்டிக்கழிக்கும்.

கானும் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமும் இதற்கு இரண்டு விடைகள் கண்டார்கள். முதலாவது, சிகாகோவின் ஜான் ஹான்காக் சென்டர்: 100 மாடி, 344 மீட்டர். முகப்பில் பல மாடி உயரத்துக்கு ராட்சத எக்ஸ் வடிவச் சாய்வுத் தண்டுகள். விசை அவற்றின் நீளவாக்கில் நேரே ஓடுவதால் தூண்கள் எல்லாம் பங்குக்கு வந்துவிடும். பழைய சட்டக முறையில் கட்டிய நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்குச் சுமார் 206 கிலோ எஃகு. இங்கே சுமார் 145 கிலோதான். சில வீடுகளில் ஜன்னலுக்குக் குறுக்கே தண்டு போகிறது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, சியர்ஸ் டவர், இன்றைய வில்லிஸ் டவர். கிரஹாம் கைநிறைய சிகரெட்டுகளை எடுத்துச் செங்குத்தாகப் பிடித்து, ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கி, 'இப்படிக் கட்டலாமா?' என்று கானிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. சுமார் 23 மீட்டர் அகலமுள்ள 9 சதுரக் குழாய்கள் ஒட்டி நிற்கின்றன. இரண்டு 50ஆம் மாடியில் நின்றுவிடும், இரண்டு 66இல், மூன்று 90இல். மிச்சம் இரண்டு மட்டும் உச்சிவரை போய் 442 மீட்டரைத் தொடும். குழாய்களுக்கு இடையே உள்ள பொதுச் சட்டகங்கள்தான் இங்கே நடுத்தூண்களை வேலை வாங்குகின்றன.

கான் 1982இல், 52 வயதில் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து துபாயின் புர்ஜ் கலிஃபாவுக்கு வந்தவர்கள் இதே நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் பொறியாளர் பில் பேக்கரும். 2010இல் திறந்த அதன் உயரம் 828 மீட்டர். நடுவில் அறுகோணக் கான்கிரீட் கரு. அதிலிருந்து மூன்று சிறகுகள். ஒரு சிறகு அசையப் பார்த்தால் மற்ற இரண்டும் முட்டுக் கொடுக்கும். முறுக்கத்தைக் கரு பார்த்துக்கொள்ளும்.

இந்த உயரத்தில் காற்று நேராகத் தள்ளுவதைவிட ஆபத்தானது அது உண்டாக்கும் சுழல். கட்டடத்தைத் தாண்டிப் போகும் காற்று, இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். ஒவ்வொரு சுழலும் கட்டடத்தைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் தெற்கிலிருந்து வீசும் காற்றில் கட்டடம் கிழக்கும் மேற்குமாக ஆடும். சுழல் உதிரும் தாளமும் கட்டடத்தின் இயல்பான அதிர்வும் ஒன்றாகிவிட்டால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். அந்தத் தாளத்தைத் தீர்மானிப்பவை காற்றின் வேகமும் கட்டடத்தின் அகலமும். காற்றை மாற்ற முடியாது, அகலத்தை மாற்றலாம். புர்ஜ் கலிஃபாவின் சிறகுகள் சுற்றுப்படிக்கட்டு போல ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்குவது இதற்காகத்தான். ஒவ்வோர் உயரத்திலும் அகலம் வேறு, தாளமும் வேறு. சுழல்கள் கூட்டுச் சேர முடியாது. செயற்கையாகக் காற்றை வீசச் செய்யும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்து, கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்பதைக்கூட மாற்றினார்கள்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அந்த 828 மீட்டரில் உச்சியில் இருக்கும் 244 மீட்டரில் ஆள் புழங்கும் தளம் கிடையாது. கான் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ எஃகு என்று எண்ணி எண்ணிக் குறைத்தவர். அந்த உச்சிக்கு அவர் கணக்கைப் போடவே முடியாது. வகுப்பதற்குச் சதுர மீட்டர் வேண்டுமே.