ஹவுஸ்போட்டைத் திருப்பிப் போட்டால்

'மில்க் சாக்லேட்' கேட்டால் கையில் ஒரு கட்டி வரும், 'சாக்லேட் மில்க்' கேட்டால் டம்ளரில் ஊற்றித் தருவார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் கடைசியில் நிற்பதுதான் ஆள், முன்னால் நிற்பது அது எந்த வகை என்று மட்டும் சொல்லும். ரேஸ் ஹார்ஸ் என்றால் குதிரை, ஹார்ஸ் ரேஸ் என்றால் பந்தயம். நமக்கும் இது புதிதில்லை: வாடகை வீடு என்பது வீடு, வீட்டு வாடகை என்பது மாதம் பிறந்தால் எண்ணி வைக்க வேண்டிய பணம்.

ஆனால் வரிசை சொல்வது அவ்வளவுதான், இரண்டுக்கும் என்ன உறவு என்பதை அது சொல்லாது. ஹவுஸ்போட்டில் ஆள் குடியிருக்கலாம். போட்ஹவுஸ் படகை விட்டுவைக்கும் கொட்டகை. பாக்கெட் வாட்ச் பைக்குள் வைக்கிற கடிகாரம், வாட்ச் பாக்கெட் அந்தக் கடிகாரத்துக்காகத் தைத்த பை. ஜீன்ஸில் வலது பாக்கெட்டின் வாயிலேயே, ரெண்டு விரல்கூடச் சரியாக நுழையாத குட்டிப் பை ஒன்று இருக்கிறதே, அதுதான் இது. கைக்கடிகாரம் பரவுவதற்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டில் வந்தது, இன்னும் போகவில்லை. 'உள்ளே வைக்கிற', 'அதற்காகத் தைத்த' என்பதெல்லாம் அந்தச் சொற்களில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை, நாமே போட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

சரி, முழு வாக்கியத்துக்கு வருவோம். 'நாய் மனிதனைக் கடித்தது', 'மனிதனை நாய் கடித்தது', எப்படிச் சொன்னாலும் கடி வாங்கியது மனிதன்தான், ஏனென்றால் 'ஐ' உருபு அவனோடு ஒட்டிக்கொண்டே போகிறது. 'டாக் பைட்ஸ் மேன்' என்பதை 'மேன் பைட்ஸ் டாக்' என்று திருப்பினால் கடித்தவனே மாறிவிடுகிறான். ஆங்கிலம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதற்கும் வேற்றுமை இருந்தது: நாய் கடித்தால் 'ஸெ ஹுண்ட்', நாயைக் கடித்தால் 'தோனே ஹுண்ட்', அதனால் சொற்களை ஓரளவு இடம் மாற்றலாம். அப்புறம் சொல்லின் கடைசி ஒலிகள் தேய்ந்தன, 'ஸெ', 'தோனே' எல்லாம் ஒரே 'தி' ஆயின, யார் செய்தது யாருக்கு நடந்தது என்று காட்டும் வேலை பெரும்பாலும் வரிசையின் தலையில் விழுந்தது.

இந்த விதிகள் எதற்கும் பிடிபடாத கூட்டமும் உண்டு. 'லுக் ஓவர்' என்றால் ஒரு தடவை பார்த்துச் சரிபார்ப்பது, 'ஓவர்லுக்' என்றால் கவனிக்காமல் விட்டுவிடுவது, ஏறக்குறைய நேரெதிர். சாலையில் செய்வது 'ஓவர்டேக்', அடுத்தவர் கம்பெனியை வளைத்துப்போடுவது 'டேக் ஓவர்'. வினைக்கு முன்னால் 'ஓவர்' ஒட்டுவது பழைய ஆங்கில வழக்கம், பின்னால் தனியாக நிறுத்துவது பிறகு பெருகியது. இரண்டும் தனித்தனி வழியில் பொருளைச் சேர்த்துக்கொண்டே வந்தன. இங்கே கணக்குப் போட்டுப் பொருளைக் கண்டுபிடிக்க முடியாது, மனப்பாடம்தான்.