‘அன்டூ’வுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

மாமாவின் அறுபதாம் கல்யாணம் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. மேலே ட்யூப்லைட், வாசலில் உச்சி வெயில், நடுவில் ஹோமப் புகை. எடுத்ததில் பாதி மங்கல், மீதி மஞ்சள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து 140 படங்களைச் சரிசெய்தேன். எட்டாம் நாள் அது கையை விரித்துவிட்டது: சேமிக்க இடம் இல்லையாம்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களை அழித்தேன், பார்த்து முடித்த வீடியோக்களை அழித்தேன். இரண்டே நாளில் மறுபடி அதே அறிவிப்பு. அப்புறம்தான் செட்டிங்ஸுக்குள் போய், யார் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். மொத்தப் படங்களும் இருக்கும் கேலரிக்கு 8 ஜிபி. படம் திருத்தும் ஆப்புக்கு மட்டும் 19 ஜிபி. அந்த ஆப்பை இறக்கியபோது அது 200 எம்பிகூட இல்லை. 19 ஜிபியை 140 ஆல் வகுத்தால் படத்துக்குச் சுமார் 135 எம்பி வருகிறது. கேமராவிலிருந்து வந்தபோது ஒவ்வொன்றும் மூன்றரை எம்பிதான்.

மூன்றரை எப்படி நூற்று முப்பத்தைந்து ஆனது?

பட்டுப்புடவை பீரோவில் மடித்து இருக்கும்போது ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு அடங்கும். அயர்ன் பண்ண ஒன்றை விரித்தால் கட்டில் போதாது. படமும் அப்படித்தான். 12 மெகாபிக்சல் படம் ஒன்றில் அகலவாக்கில் 4032, உயரவாக்கில் 3024 புள்ளிகள். பெருக்கினால் ஒரு கோடியே 21 லட்சத்துக்கும் மேல். புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், எண்ணுக்கு ஒரு பைட். விரித்த நிலையில் அது 36.6 எம்பி. அதை மூன்றரை எம்பிக்குள் மடித்துத் தருவது ஜேபெக் (JPEG) என்னும் படச் சுருக்க முறை.

எப்படி மடிக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நம் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மாறும் இடம் துல்லியமாகத் தெரியும், நிறம் மாறும் இடம் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அதனால் ஜேபெக் முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துக்கொள்ளும். இதிலேயே பாதி இடம் மிச்சம். அடுத்து, படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டும். நம் படத்தில் அப்படி 1,90,512 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் 64 புள்ளிகளாக எழுதாமல் 64 அலைகளின் கலவையாக எழுதும். மெதுவாக மாறும் அலை, கொஞ்சம் வேகமாக மாறும் அலை, நுணுக்கமாகத் துடிக்கும் அலை என்று. வெறும் சுவர் இருக்கும் கட்டத்தில் மெதுவான அலை ஒன்றிரண்டுதான் பெரிதாக இருக்கும், மற்றதெல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஒட்டியிருப்பதைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வரிசையாக ஐம்பது பூஜ்யம் இருந்தால் ஐம்பதையும் எழுத வேண்டியதில்லை, ‘இதற்கு மேல் ஒன்றுமில்லை’ என்று ஒரு குறி போட்டால் போதும்.

இந்த அலைக் கணக்கை 1974இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அதற்கு இரண்டு வருடம் முன்பு அகமது இதே யோசனையை எழுதி அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. 1992இல் ஜேபெக் தரமாக ஏற்கப்பட்டபோது அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது இந்தக் கணக்குதான்.

சரி, மடித்த புடவையின் மேல் அயர்ன் போட முடியாது. திருத்தும் ஆப் படத்தைத் திறந்ததும் முதல் காரியமாக அதை முழுதாக விரிக்கிறது. விரிக்கும்போது புள்ளிக்கு இன்னொரு பைட் கூடும்: இந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும், எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதைக் குறிக்க. இப்போது 48.8 எம்பி. இது ஒரு லேயருக்கு.

லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. கீழே அசல் படம். அதன் மேல் ஒரு தாளில் முகத்துக்கு வெளிச்சம், இன்னொன்றில் பின்னணி மங்கல். மாமாவும் அத்தையும் மாலை மாற்றும் படத்தில் நான் ஐந்து தாள் போட்டிருந்தேன். அதில் ஒன்று, பின்னால் சுவரில் தொங்கிய பழைய கடிகாரத்தை மறைப்பதற்காக. ஐந்து தாளையும் விரித்தால் 244 எம்பி. நிறத்தை இன்னும் நுணுக்கமாக வைத்துக்கொள்ள 16 பிட், அதாவது எண்ணுக்கு இரண்டு பைட், என்று தேர்ந்தெடுத்தால் இதுவும் இரட்டிப்பாகும். புரோகிரியேட் போன்ற வரைகலை ஆப்புகளில் பெரிய கேன்வாஸ் எடுத்தால் ‘இத்தனை லேயருக்கு மேல் கிடையாது’ என்று சொல்வது இதனால்தான். அங்கே தட்டுப்பாடு ரேமில், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகத்தில். வேலையை நிறுத்திவிட்டு எழுந்தால் ரேமில் இருந்ததெல்லாம் ஃபைலாகச் சேமிப்பிடத்துக்கு வரும். வெற்றிடத்தைச் சுருட்டிவிட்டு, மாறிய பகுதியை மட்டும் எழுதும் சாமர்த்தியம் பல ஆப்புகளுக்கு உண்டு. அப்படியும் ஒரு வேலை ஃபைல் நூறு எம்பியைத் தொடுவது சாதாரணம். வரைவதை ஆரம்பத்திலிருந்து வீடியோவாகப் பதிவுசெய்யும் வசதி இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். அதை ஒரு முறைகூடப் போட்டுப் பார்க்காதவர்கள் தாராளமாக அணைத்துவைக்கலாம்.

எனக்கு இதில் பிடித்த பகுதி அன்டூ. இரண்டு விரலால் தட்டினால் செய்தது மறைந்து பழையது வந்து நிற்கிறது. வர வேண்டுமென்றால் பழையது எங்கேயோ இருந்தாக வேண்டும் அல்லவா? அதற்கு இரண்டு வழி. ஒன்று, மாற்றுவதற்கு முன் இருந்த புள்ளிகளை அப்படியே எடுத்து ஒதுக்கிவைப்பது. தூரிகையால் ஒரு கோடு போட்டால் அந்தக் கோடு தொட்ட சின்னச் சதுரங்களை மட்டும் வைத்தால் போதும், செலவு குறைவு. படம் முழுவதையும் மங்கலாக்கினால் புள்ளி ஒவ்வொன்றும் மாறிவிடுகிறது. அந்த ஒரு தட்டலுக்கு 48.8 எம்பி.

இரண்டாவது வழி தையல்காரருடையது. அவர் துணியில் முதலில் சாக்பீஸால் கோடுதான் போடுவார், கத்தரி கடைசியில்தான். லைட்ரூம் என்ற படம் திருத்தும் ஆப் இந்த வகை. வெளிச்சம் இவ்வளவு கூட்டு, மஞ்சள் இவ்வளவு குறை, இந்த ஓரத்தை வெட்டு என்று கட்டளைகளை மட்டும் எழுதிவைக்கிறது. அசலைத் தொடுவதே இல்லை. கட்டளைகள் சில கேபி வரும், அவ்வளவுதான். இந்த வகை ஆப் இடமே எடுக்காது என்றுதானே தோன்றும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திறக்கும்போதெல்லாம் எல்லாக் கட்டளையையும் முதலிலிருந்து செய்துகாட்ட நேரம் பிடிக்கும். கேலரியில் விரலை வேகமாகத் தள்ளும்போது இருநூறு படம் ஓடுகிறது, அத்தனைக்கும் அந்த நொடியில் கணக்குப் போட முடியாது. அதனால் செய்துமுடித்த தோற்றத்தைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கிறது. இதோடு, லைட்ரூமின் ‘ஸ்மார்ட் பிரிவியூ’ அசலையே நீளப்பக்கம் 2560 புள்ளி அளவுக்குச் சுருக்கிய ஒரு நகல். அன்டூவில் மிச்சம் பிடித்த இடம் இந்த முன்தோற்றங்களில் போகிறது. இதற்குத்தான் கேஷ் என்று பெயர்.

இதோடு நகல்களும் சேரும். டேப்லெட்டில் ஒவ்வொரு ஆப்பும் தனி அறையில் குடியிருக்கிறது, அடுத்த அறைக்குள் இஷ்டத்துக்குக் கை நீட்ட முடியாது. பாதுகாப்புக்காக அப்படி. ஆகவே கேலரியிலிருந்து படத்தைத் திறந்தால் பல ஆப்புகள் தங்கள் அறைக்குள் ஒரு பிரதி எடுத்துக்கொள்கின்றன. திருத்தி முடித்து எக்ஸ்போர்ட் செய்தால் கேலரியில் இன்னொரு பிரதி. ஐபேடின் சொந்த ஃபோட்டோஸ் ஆப்பிலேயே திருத்தினாலும் அசல் ஒன்று, திருத்தியது ஒன்று என இரண்டு இருக்கும். ‘ரிவர்ட்’ என்று தட்டினால் பழையது திரும்பிவருவது இதனால்தான். எக்ஸ்போர்ட்டில் இன்னொரு விஷயம்: தரத்தை 100 என்று வைக்க எல்லாருக்கும் ஆசை. மூன்றரை எம்பி படத்தை 100இல் எழுதினால் இரண்டு மூன்று மடங்கு பெருக்கும். கேமரா மடிக்கும்போது வீசிவிட்ட நுணுக்கம் அதனால் திரும்பி வந்துவிடாது. நான் 90க்கு மேல் போவதில்லை.

ஆக, ஒரே படம் அசலாகவும், பிரதியாகவும், வேலை ஃபைலாகவும், முன்தோற்றங்களாகவும், எக்ஸ்போர்ட்டாகவும் உள்ளே இருக்கிறது. எதை அழிக்கலாம்? நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இது போனால் டேப்லெட் தானாக மறுபடி செய்துகொள்ளுமா? முன்தோற்றம் போனால் செய்துகொள்ளும், ஒரு முறை மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். வேலை ஃபைல் போனால் செய்துகொள்ளாது, என் ஒரு வார உழைப்பு அதில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டதற்கு ஒரு விலை உண்டு. போன வருடம், பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட். ஆப்பின் ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பட்டன் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று கேஷை மட்டும் துடைப்பது, இன்னொன்று டேட்டா முழுவதையும் துடைப்பது. முதல் பட்டனில் கொஞ்சம்தான் இறங்கியது, ஆத்திரத்தில் அடுத்ததைத் தட்டினேன். எச்சரிக்கை வந்தது, படிக்காமல் சரி என்றேன். ஆப் அன்றுதான் வாங்கியதுபோல் ‘வணக்கம், தொடங்கலாமா?’ என்று கேட்டது. பாதியில் இருந்த நாற்பது சொச்சம் வேலை ஃபைல் போயே போச்சு. அசல்கள் கேலரியில் தனியாக இருந்ததால் தப்பித்தேன்.

ஐபேடில் எல்லா ஆப்புக்கும் பொதுவான கேஷ் பட்டன் கிடையாது. இடம் குறையும்போது அதுவே கேஷைத் துடைத்துக்கொள்ளும். தவிர, ஆப்புக்குள்ளேயே அதற்கு ஏற்பாடு இருக்கலாம். லைட்ரூமில் கேஷ் எவ்வளவு வரை வளரலாம் என்று எல்லை போட முடியும். ‘ஆஃப்லோட்’ என்று ஒரு வசதி ஐபேடில் இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஆப்பை மட்டும் நீக்கிவிட்டு ஆப்பின் டேட்டாவை வைத்துக்கொள்ளும். 200 எம்பி ஆப், 19 ஜிபி டேட்டா என்றிருந்தால் அதில் கிடைப்பது 200 எம்பி. ‘டெலிட்’ என்றால் இரண்டும் சேர்ந்து போகும், உள்ளே ஓவியம் வரைந்து வைத்திருந்தால் அதுவும்.

அழித்த பிறகும் இடம் வரவில்லையே என்று பதற வேண்டாம். ஐபேடின் கேலரியில் அழித்தது 30 நாள் ‘சமீபத்தில் நீக்கியவை’யில் கிடக்கும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள். குப்பைக்கூடை என்பதும் ஒருவகை அன்டூதானே, அதற்கும் இடம் வேண்டும். இதைவிட ஆபத்தானது பேக்கப் விஷயம். கேலரி மேகக்கணியோடு இணைந்திருந்தால் டேப்லெட்டில் அழிப்பது அங்கேயும் அழிந்துவிடும், போனிலும் காணாமல் போகும். டேப்லெட்டில் மட்டும் இடம் விட வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக இருக்கும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டேப்லெட் நிறைந்தால் ஏன் மந்தமாகிறது என்பதற்கும் காரணம் உண்டு. உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே எழுத முடியாது, முதலில் அழித்தாக வேண்டும். எழுதுவது சின்னச் சின்னப் பக்கமாக, அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பாளமாக. பாளத்தில் பாதி வேண்டாதது, பாதி வேண்டியது என்றால், வேண்டியதை வேறு இடத்துக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் பாளத்தை அழிக்க முடியும். காலி இடம் இருக்கும்வரை இந்த வேலை நமக்குத் தெரியாமல் பின்னால் நடக்கும். நிறைந்துவிட்டால் ஒரு படத்தைச் சேமிக்க நாலு பாத்திரத்தை நகர்த்த வேண்டியிருக்கும். எக்ஸ்போர்ட் பாதியில் நிற்பது பெரும்பாலும் அப்போதுதான். படத்தை விரித்து அடுக்கி எழுத அதற்குத் தற்காலிக இடம் வேண்டும், இருக்காது.

இந்த முறை நிதானமாகச் செய்தேன். கேஷைத் துடைத்ததில் 6 ஜிபி கிடைத்தது. மிச்சம் 13 ஜிபி வேலை ஃபைல்கள். எக்ஸ்போர்ட் ஆன படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அசலும் கேலரியில் இருக்கிறதா என்று பார்த்து, 129 வேலை ஃபைலை ஆப்புக்குள்ளிருந்தே அழித்தேன். இன்னும் கை வைக்க வேண்டியிருக்கும் என்று தோன்றிய 11ஐ மட்டும் விட்டேன். ஆப் 1 ஜிபி சொச்சத்துக்கு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தாள். “மாலை மாத்தற படத்துல பின்னாடி இருந்த கடிகாரம் எங்கடா? உங்க தாத்தா வாங்கினதாச்சே அது.” அந்தப் படம் பதினொன்றில் ஒன்று. திறந்து, கடிகாரத்தை மறைத்திருந்த லேயரை மட்டும் அணைத்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன். மணி பத்தேகால் காட்டுகிறது அதில்.