படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறதா? காதையும் பாருங்கள்

தலைச்சுற்றலோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் அதற்கு முன்பே ரத்த அழுத்தம், சர்க்கரை, கழுத்து எக்ஸ்ரே, சில சமயம் மூளை ஸ்கேன்வரை எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார்கள். முடிவுகள் எல்லாம் சரியாக இருக்கும், சுற்றல் மட்டும் நின்றிருக்காது. "எனக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது டாக்டர், எதற்காகக் காது மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கேட்பது காதின் பாதி வேலை என்பதையும், மறுபாதி நம்மை விழாமல் நிறுத்துவது என்பதையும் அவர்களிடம் யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெளிக்காதும் நடுக்காதும் ஒலிக்காகவே அமைந்தவை. ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக்குழாய் வழியே வரும் ஒலி செவிப்பறையை அதிரவைக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வை வாங்கி உட்காதுக்குக் கடத்துகின்றன. உட்காதினுள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. அங்கவடி பொருந்தியிருக்கும் சிறு திறப்பைவிடச் செவிப்பறை ஏறத்தாழ 17 மடங்கு பெரியது. அகன்ற பரப்பில் வாங்கிய விசை குறுகிய இடத்தில் குவிவதாலும், எலும்புகள் நெம்புகோலாக இயங்குவதாலும் அழுத்தம் இருபது மடங்குக்கு மேல் கூடுகிறது. செவிப்பறையில் ஓட்டை விழுந்தாலோ, நாள்பட்ட சீழ் எலும்பை அரித்தாலோ கேட்கும் திறன் குறைவது இதனால்தான். இவற்றில் பலவற்றை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம்.

உட்காதின் சேதம் அப்படியல்ல. நத்தை ஓடு வடிவில் சுருண்டிருக்கும் காக்ளியாவில் நுண்மயிர் கொண்ட உணர்செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. திரவம் அசையும்போது அந்த மயிர்கள் வளைந்து, அதிர்வு நரம்புச் சைகையாக மாறுகிறது. பேரொலியால் அழிந்த செல் மனிதர்களில் மீண்டும் முளைப்பதில்லை.

அதே திரவ அமைப்பின் தொடர்ச்சியாக, காக்ளியாவை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக அமைந்திருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திசைக்குரிய குழலின் திரவம் சற்றுப் பின்தங்கும், மயிர்கள் வளையும், மூளைக்குச் செய்தி போகும். உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் பிடித்து, ரேகைகளைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டிப் பாருங்கள். ரேகைகள் தெளிவாகவே தெரியும். தலையை நிறுத்திவிட்டுக் கையை அதே வேகத்தில் ஆட்டினால் எல்லாம் கலங்கிவிடும். முதல் முறை, உட்காது சொன்ன கணத்திலேயே கண்கள் எதிர்த்திசையில் நகர்ந்து பார்வையை நிலையாகப் பிடித்துக்கொண்டன. தலைச்சுற்றல் நோயாளியின் காதைவிடக் கண்ணசைவை நாங்கள் கூர்ந்து கவனிப்பதும் இதற்காகத்தான். காதுக்குள் விடும் தண்ணீரின் குளிர்ச்சிக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கண்ணசைவின் திசை மாறுவதைக் கவனித்து ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. குளிர்ந்த நீரோ சூடான நீரோ உட்காதைத் தூண்டிச் சுற்றலை வரவழைக்கும் என்பதால்தான் காதைக் கழுவும்போது உடல் சூட்டிலுள்ள நீரையே பயன்படுத்துகிறோம்.

குழல்களின் அடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. கால்சியம் கார்பனேட் படிகங்கள் அவற்றில் ஒரு கூழ்ப்படலத்தின்மேல் ஒட்டியிருந்து, புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர உதவுகின்றன. வயதாலோ தலையில் அடிபட்டதாலோ, பல சமயம் காரணமே தெரியாமலோ, சில படிகங்கள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் நுழைந்துவிடுகின்றன. பிறகு படுக்கையில் புரண்டாலும், அண்ணாந்து பார்த்தாலும், குனிந்து நிமிர்ந்தாலும் அவை உருண்டு திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் மூளைக்குச் 'சுழல்கிறாய்' என்ற செய்தியே போகும். அறையே சுற்றும். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பி.பி.பி.வி. என்று நாங்கள் குறிப்பது இதைத்தான். தலைச்சுற்றலுக்கான காது சார்ந்த காரணங்களில் மிகப் பரவலானது இதுவே.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, கருவிழி தானாகத் துடித்து அசைவதைப் பார்த்தால் போதும். மாத்திரை படிகத்தை நகர்த்தாது. தலையைப் படிப்படியாகத் திருப்பி, படிகங்களை வந்த வழியே பைக்குள் சேர்க்கும் எப்லி முறை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தெரிகிறது. மாதக்கணக்கில் பயந்து பயந்து படுத்தவர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவது எனக்கு இந்தத் தொழிலில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் எந்தக் காது, எந்தக் குழல் என்று உறுதிசெய்யாமல் காணொளியைப் பார்த்து நீங்களாகச் செய்துகொள்ள வேண்டாம். கழுத்தெலும்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

சுற்றல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதே எனக்கு முக்கியமான தடயம். காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் குறைவு ஆகியவற்றோடு இருபது நிமிடம் முதல் சில மணி நேரம்வரை வந்து போனால் மெனியர் நோயாக இருக்கலாம். கேட்கும் திறன் குறையாமல் நாள்கணக்கில் ஓயாது சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். அத்தகைய அழற்சியில் சுற்றலை அடக்கும் மாத்திரைகளை முதல் சில நாள்களுக்கு மேல் தொடர்வதைத் தவிர்க்கச் சொல்கிறேன். பாதிப்பைச் சரிக்கட்ட மூளை கற்றுக்கொள்வதற்கு அசைவும் நடையும் வேண்டும். மாத்திரை அந்தக் கற்றலைத் தாமதப்படுத்துகிறது.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கை கால் பலவீனம், புதிதாகக் கடும் தலைவலி, பிடிமானமில்லாமல் நிற்கவே முடியாத நிலை ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் காது மருத்துவரைத் தேட வேண்டாம். அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இன்னொன்று, சுற்றல் இல்லாமலும் வரும். தூங்கி எழும்போது ஒரு காது திடீரென்று மந்தமாகியிருக்கும். அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து வருகிறார்கள். உட்காதில் ஏற்படும் திடீர்க் கேளாமைக்கு ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன் தர வாய்ப்பு அதிகம். அன்றைக்கே காதைக் காட்டி, கேள்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள்.