பழைய பிக்கப்பில் காலையில் கேட்கிற ‘டிக் டிக்’ சத்தம்

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் பக்கத்தில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சத் தூரம் ஓடினால் குறையும், சில வாகனங்களில் அடியோடு நின்றுவிடும். “அது டெப்பெட் சத்தம் அண்ணை, பிறகு பாப்பம்” என்று சொல்லி மாதக்கணக்கில் ஓடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். டெப்பெட்டாகவும், அதாவது எஞ்சின் வால்வைத் தள்ளித் திறக்கிற உறுப்பாகவும், இருக்கலாம். ஆனால் குளிரில் கேட்டு, சூடேற மறைகிற சத்தம் என்றால் நான் முதலில் பார்ப்பது எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டைத்தான், அதாவது எஞ்சின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு விடுகிற இரும்புத் துண்டை. அதை எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டோடு இறுக்கிப் பிடித்திருக்கிற ஸ்டட் (நட்டு போடுகிற புரித்தண்டு) ஒன்று துருப்பிடித்து உடைந்திருக்கும். அந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவில் அடைப்பாக வைக்கிற காஸ்கட் கருகிப் புகைக்கு வழி விட்டிருக்கும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி சுருங்குவதால் சத்தம் அடங்குகிறதே தவிர, பழுது அப்படியேதான் இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் திரும்பவும் தொடங்கியது. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரரும் மீன் வியாபாரிகளும் கட்டட வேலைக்காரரும் கையிலிருந்த பழைய பிக்கப்பையும் டபுள் கெப்பையும்தான் இழுத்து ஓடினார்கள். விலையைப் பார்த்தால் இன்றைக்கும் அவற்றைக் கைவிடுகிற நிலைமை இல்லை. அவற்றில் பல கடலோடு வாழ்கிற வாகனங்கள். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) பெயர்ந்த காலத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் தினமும் போய் வருகிற வாகனத்தின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் பின்பக்கத்துக் குழாய் இணைப்புகளைத் தின்கிறது. முன்னுக்கு, மனிபோல்ட் ஸ்டட்டில் பெயின்றோ எண்ணெய்ப் பூச்சோ நிற்காது, எல்லாம் எரிந்துவிடும். வெறும் உருக்கு தினமும் கொதித்து ஆறி, உப்புக் காற்றைக் குடிக்கிறது. ஹெட் அலுமினியமாக இருந்தால், வார்ப்பிரும்பு மனிபோல்ட்டை விட அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியக்கூடியது. இரண்டும் வேறு வேறு அளவில் நீண்டு சுருங்கும்போது, இழுவை கூடுதலாக விழுவது இரண்டு அந்தத்து ஸ்டட்களிலும்தான். அவைதான் முதலில் உடையும்.

சத்தத்தை விட எனக்குப் பயம் புகைதான். சைலன்சர் வழியாகப் பின்னுக்குப் போகவேண்டிய புகை பொனட்டுக்குள் கசிகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே காற்றை உள்ளிழுக்கிற இடம், கியர் லீவர் ரப்பர் கிழிந்த இடம், பெடலடியில் வயர் போகிற ஓட்டை இவற்றால் அது கெபினுக்குள் வரும். பழைய பிக்கப்பில் இந்த ரப்பர்கள் வடிவாக இருப்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் பெற்றோலை விட இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகிறவர்கள் இரவில் வீதியோரம் நிறுத்தி, ஏசியைப் போட்டுவிட்டுக் கண்ணயர்வார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் பிள்ளைகளை வாகனத்துக்குள் படுக்கவிட்டு எஞ்சினை ஓடவிடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஓடும்போது தலையிடி, பிரட்டல், காரணமில்லாத நித்திரை வந்து, இறங்கி நின்றதும் சுகமாகிறது என்றால், அன்றைக்கே வாகனத்தைக் காட்டுங்கள்.

கசிவைப் பிடிக்க பெரிய கருவி தேவையில்லை. எஞ்சின் குளிராக இருக்கும்போது டோர்ச் அடித்து ஹெட்டும் மனிபோல்ட்டும் சேருகிற இடத்தைப் பாருங்கள். கசிகிற இடத்தில் விசிறி மாதிரிக் கரி படிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால், குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஒருவர் தடித்த கையுறையோடு ஈரத் துணியால் பின்குழாய் வாயைச் சில விநாடி மட்டும் அரைவாசி மூடட்டும். மற்றவர் இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் விசிறினால், ஓட்டை இருக்கிற இடம் நுரைத்துக் காட்டும். இதை வெளி முற்றத்தில் செய்யுங்கள். கராஜுக்குள் வேண்டாம்.

சரி, கழற்றுவதற்கு வருவோம். இந்த வேலையில் நட்டம் வருவது அநேகமாக முதல் அரை மணித்தியாலத்தில்தான். “பின்னேரம் வந்து எடுக்கிறன், கெதியாச் செய்து தாங்கோ” என்றால் மெக்கானிக் நீளக் குழாயை மாட்டி இழுப்பார், ஸ்டட் ஹெட்டோடு முறியும், அரை நாள் வேலை ஹெட் கழற்றுகிற வேலையாகிவிடும். நான் வாகனத்தை முதல் நாள் பின்னேரமே கேட்பேன். வயர் பிரஷால் புரியைச் சுத்தமாக்கி, துருவிளக்கும் எண்ணெயை இரவுக்குள் இரண்டு மூன்று தடவை அடித்து ஊறவிடுவேன். அடுத்த நாள் எண்ணெயைத் துடைத்து, டீசல் குழாய்களையும் வயரையும் மறைத்து, பக்கத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு நட்டை மட்டும் சூடாக்குவேன், ஸ்டட்டை அல்ல. நட்டு மங்கல் சிவப்புக்கு வந்ததும் நெருப்பை எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு மெழுகுதிரியைப் புரியில் தொட்டால், மெழுகு உருகி உள்ளே இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு கால் சுற்றுக் கழற்று, அரைக்கால் சுற்று இறுக்கு, திரும்பவும் கழற்று. கிறீச்சென்று அழுதால் நிறுத்தி எண்ணெய் விடவேண்டும். ஸ்பனர் பஞ்சு மாதிரி மெதுவாகச் சுற்றினால் அது கழறவில்லை, ஸ்டட் முறுகுகிறது. அதை விரலில் உணர்ந்தவுடன் கையை எடுக்கவேண்டும்.

உடைந்துவிட்டாலும் வழி இருக்கிறது. வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளுக்குள் வெல்டிங் பண்ணலாம். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே முறிந்திருந்தால் சரியான நடுவில் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுற்றித் துளைக்கிற இடப்புரி டிரில்லால் துளைக்கவேண்டும். பலதடவை துளைக்கும்போதே துண்டு கழன்று வரும். உடைந்த துண்டைத் துளைக்குள் பிடித்துச் சுழற்றி எடுக்கிற ‘ஈசி அவுட்’டை நான் கடைசிக்கும் கடைசியாகத்தான் எடுப்பேன். அது கடினப்படுத்திய உருக்கு, உள்ளே முறிந்தால் சாதாரண டிரில்லால் துளைக்கவே முடியாது. ஹெட் புரி கெட்டுப்போனால் ஹெலிகொயில் (புதுப் புரியாக உள்ளே வைக்கிற கம்பிச் சுருள்) போடலாம், அது ஒழுங்கான திருத்தம்தான். பழைய காஸ்கட்டில் கல்நார் (அஸ்பெஸ்டோஸ்) இருந்திருக்கலாம். காற்றடித்து ஊதாமல் நனைத்துச் சுரண்டுங்கள். கண்ணாடி போடாமல் அடியில் படுக்காதீர்கள், துரு நேரே கண்ணுக்குள்தான் விழும்.

உடைந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறவர்களிடம் நான் மல்லுக்கட்டுவதுண்டு. மற்ற ஸ்டட்களும் அதே வயது, அதே சூட்டைக் கண்டவை, முழுவதையும் மாற்றுங்கள். தடிப்பும் புரியும் அளந்து, எக்ஸோஸ்ட்டுக்கென்றே வருகிற ஸ்டட்டை வாங்குங்கள். ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற சாதாரண போல்ட் அந்தச் சூட்டுக்கு ஆனதல்ல. மனிபோல்ட்டின் முகத்தில் நேர்மட்டம் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) பார்த்து, வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து மட்டமாக்கவேண்டும். வளைந்த முகத்தில் எவ்வளவு நல்ல காஸ்கட்டும் நில்லாது. சிலர் காஸ்கட்டோடு சிலிக்கன் பூசுவார்கள். பாரம் ஏற்றி ஓடும்போது டீசல் புகை 500 பாகையையும் தாண்டும், அதில் சிலிக்கன் எரிந்துபோகும். காஸ்கட்டை உலர்வாகவே வையுங்கள். அப்புறம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும், இரண்டு மூன்று தடவையாக, அந்த எஞ்சினுக்குச் சொன்ன டோர்க் (இறுக்கு விசை) அளவுக்கு இறுக்கவேண்டும். பித்தளை நட்டோ செம்புப் பூச்சு நட்டோ கிடைத்தால் போடுங்கள், அடுத்த தடவை கழற்றுகிறவர் துருவோடு மல்லாடத் தேவையில்லை.

முதல் ஓட்டத்தில் எண்ணெயும் மெழுகும் எரிந்து கொஞ்சம் புகைக்கும், கண்ணாடிகளைத் திறந்துவிட்டு ஓடுங்கள். சில நாள் ஓடி, நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, குளிர் எஞ்சினில் ஒருதரம் எல்லா நட்டையும் டோர்க் பார்க்கக் கொண்டுவாருங்கள். நான் அதற்குக் காசு எடுப்பதில்லை.