‘நைட்’ என்பதற்குத் தமிழில் என்ன?

தமிழ் எழுத்தில் ‘நைட்’ என்று எழுதினால் இரவு என்றுதான் முதலில் தோன்றும். நான் சொல்வது ஆங்கில ‘knight’, இடைக்கால ஐரோப்பாவில் குதிரையேறிப் போரிட்டவனை. போர்ச்சுகலில் தேஜு ஆற்றின் நடுவே ஒரு பாறைத் தீவில் நிற்கிறது அல்மோரோல் கோட்டை. அதற்குப் படகில் போகும்போது என் அக்கா மகன் கேட்டான்: “நைட் கட்டின கோட்டைன்னா ராத்திரியில கட்டினதா மாமா?” எட்டு வயசுப் பிள்ளை. “இல்லடா, வீரங்க கட்டினது” என்று சொல்லி வைத்தேன். அந்த ஒரு நாள் சுற்றுலா முடிவதற்குள், வீரன் என்ற சொல் இதற்குப் போதாது என்று தெரிந்துவிட்டது.

லிஸ்பனில் காலையில் ஏறினால் அல்மோரோல், தோமார் கோட்டை, அதன் வட்டக் கோவில், ஊருக்குள் இருக்கும் ஒலிவால் மாதா கோவில் என எல்லாம் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அம்மா, ‘கவலெய்ரு’ என்ற சொல்லை ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். போர்ச்சுகீசிய மொழியில் ‘கவாலு’ என்றால் குதிரை. குதிரை வைத்திருப்பவன் கவலெய்ரு. பிரெஞ்சின் ‘ஷெவாலியே’, ஸ்பானிய ‘கபயேரோ’ இரண்டும் இதே வேரில் பிறந்தவை. ஜெர்மானியரின் ‘ரிட்டர்’ வேறு வேர், ஆனால் பொருள் அதேதான்: ஏறிச் செல்பவன். ஐரோப்பாவில் பாதிப் பேர் இந்த ஆளைக் குதிரையை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

ஆங்கிலம் மட்டும் வேறு பக்கம் போனது. பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ட்’ என்றால் பையன். பிறகு ஏவலுக்கு நிற்கும் பையன். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின், மன்னனுக்கும் பிரபுவுக்கும் படைத்தொண்டு செய்பவனுக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டி, மெல்ல மெல்ல உயர்குடிப் பட்டமாகவே ஆகிவிட்டது. அதே வேரில் பிறந்த ஜெர்மன் சொல் ‘க்னெஹ்ட்’ மட்டும் இன்றும் வேலையாள் என்ற பொருளில்தான் நிற்கிறது. சங்கப் பாடல்களில் தலைவனோடு வரும் ஏவலரையும் வீரரையும் ‘இளையர்’ என்பார்கள். பையனும் ஏவலனும் வீரனும் ஒரே சொல்லில் அடங்குவது நமக்குப் புதிதல்ல.

தமிழில் இப்போது என்ன எழுதுகிறோம்? ‘மாவீரர்’ என்று பலர் எழுதுகிறார்கள். அதில் குதிரையும் இல்லை, ஒருவருக்குக் கட்டுப்பட்டவன் என்ற பொருளும் இல்லை. ‘வீரத்திருத்தகை’ என்ற ஆக்கச்சொல், இன்று பிரிட்டிஷ் அரசு தரும் ‘சர்’ பட்டத்துக்குப் பொருந்தும். மேலங்கி போர்த்துக்கொண்டு மதிலைக் காத்தவனுக்குப் பொருந்தாது. ‘குதிரைப்படை வீரர்’ என்றால் ஒரு படைப்பிரிவுதான் நினைவுக்கு வரும். ‘குதிரை மறவர்’ நல்ல தமிழ். புறத்திணையில் ‘குதிரை மறம்’ என்று ஒரு துறையே இருக்கிறது. தனித்தமிழில் எழுத விரும்புவோர் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் என் மனம் போய் நிற்பது ‘குதிரைச் சேவகர்’ என்ற சொல்லில். இன்று சேவகன் என்றால் எடுபிடி ஆள் என்று நினைக்கிறோம். பழந்தமிழில் சேவகம் என்றால் வீரம். சேவகன் என்றால் வீரன். வடமொழியில் தொண்டு என்ற பொருளோடு வந்த சொல், இங்கே படைத்தொண்டு என்று பொருள்பட்டு, அதிலிருந்து வீரமாகவே நிலைத்தது. சோழர் காலத்தில் குதிரைப் படையினருக்குக் ‘குதிரைச் சேவகர்’ என்றே பெயர். பிற்காலத்தில்தான் அந்தச் சொல் இறங்கி வீட்டு வாசலில் நின்றது. க்னிஹ்ட் வேலையாளிலிருந்து வீரனுக்கு ஏறியது. சேவகன் வீரனிலிருந்து வேலையாளுக்கு இறங்கினான். இரண்டு சொற்களும் தொண்டு, வீரம் என்ற அதே இரண்டு பொருள்களுக்கு நடுவேதான் நடந்திருக்கின்றன. தொண்டு, வீரம், குதிரை மூன்றும் ஒருசேர இருக்கும் ஒரு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வானேன்?

அடுத்தது ‘ஆர்டர்’, நைட்கள் சேர்ந்திருந்த அமைப்புக்கான ஆங்கிலச் சொல். இதைக் ‘கட்டளை’ என்று பெயர்த்ததைக் கண்டிருக்கிறேன். அது முழுத் தவறு. லத்தீனின் ‘ஓர்தோ’ என்றால் வரிசை, நிரை. ஒரே ஒழுங்கின்கீழ் வாழும் துறவியர் கூட்டத்துக்கு அது பெயராயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் இதற்குச் ‘சபை’ என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்: இயேசு சபை, பிரான்சிஸ்கு சபை. இந்தக் கோட்டைகளைக் கட்டிய குதிரைச் சேவகர்களும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்த துறவிகள்தான். அதனால் ‘குதிரைச் சேவகர் சபை’ என்பதில் தவறேதும் இல்லை. துறவை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘படைத்துறவியர் சபை’ எனலாம்.

இவற்றில் பெயர்பெற்றது டெம்ப்ளர் சபை. 1119 வாக்கில் எருசலேமில் தொடங்கியது. 1129-இல் துருவா நகரில் கூடிய சங்கத்தில் அதற்கு ஒழுங்குவிதி கிடைத்தது. அந்த விதி ஒரு சேவகருக்கு மூன்று குதிரை வரை அனுமதித்தது. ‘டெம்ப்ளர்’ என்பதைக் ‘கோவில் வீரர்’ என்று பெயர்த்தால் ஏதோ கோவிலுக்குக் காவல் நின்றவர்கள் என்று ஆகிவிடும். அவர்கள் தங்கியிருந்த இடத்தைச் சாலமோன் கட்டிய ஆலயம் இருந்த இடமாகக் கருதினார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. ஆகவே ‘ஆலயச் சேவகர்’. இன்னொரு சபையான ‘ஹாஸ்பிட்டலர்’ விஷயத்திலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து ஹாஸ்பிட்டல் திருப்பயணிகள் தங்கும் சத்திரம். நோயாளிகளும் அங்கேயே கிடந்தார்கள். ‘சத்திரத்துச் சேவகர்’ என்றால் பொருள் நிற்கும்.

தோமார் கோட்டையை 1160-இல் கட்டத் தொடங்கியவர் ஆலயச் சேவகரின் போர்ச்சுகல் தலைவர் குவால்தீம் பாய்ஷ். மதிலின் அடிப்பகுதி நேராக நிற்காமல் சரிந்து வெளியே இறங்குகிறது. ஏணி சாத்த முடியாது, சுவரடியைத் தோண்டுவதும் பெரும்பாடு. 1190-இல் மொராக்கோவிலிருந்து வந்த அல்மொஹாத் படை முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. உள்ளே பதினாறு பட்டை வெளிச்சுவரும் நடுவில் எட்டுப் பட்டைக் கூடமுமாக வட்டக் கோவில் இருக்கிறது. குதிரைமேல் இருந்தபடியே சேவகர்கள் இதைச் சுற்றிவந்து பூசை கண்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான் என்றாலும் பையன் அண்ணாந்தபடி ஒரு சுற்று சுற்றிவந்தான்.

பிரெஞ்சு மன்னன் நாலாம் பிலிப் 1307-இல் சேவகர்களைக் கைதுசெய்தான். 1312-இல் போப் ஐந்தாம் கிளமெந்து சபையைக் கலைத்தார். போர்ச்சுகலில் மன்னர் தினிஷ் 1319-இல் ‘கிறிஸ்து சபை’ என்று ஒன்றை நிறுவி, பழைய சபையின் சொத்துகளை அதற்கு மாற்றிக்கொண்டார். போர்ச்சுகீசியக் கப்பல்களின் பாயில் இருந்த சிவப்புச் சிலுவை இந்தச் சபையின் சின்னம்.

அந்தச் சிலுவை உச்சியில் நிற்கும் ஒரு பெரிய கல்வேலை தோமாரில் உண்டு. 1510-க்குப் பிறகு கட்டடக் கலைஞர் தியோகு தி அருதா செய்தது. முறுக்குக் கயிறும் சங்கிலியும் பவளமும் கடற்பாசியும் கல்லில் பின்னிக் கிடக்கின்றன. மேலே பாசி படர்ந்து கல் எது, செதுக்கு எது என்று தெரியவில்லை. வழிகாட்டி அம்மா கையை நீட்டி, “ஜனேலா” என்றார். “ஜன்னல்னு தமிழ்லயே சொல்றாங்க மாமா!” என்றான் பையன். உண்மைதான், ஜன்னல் போர்ச்சுகீசியச் சொல். சாவியும் அலமாரியும் அப்படித்தான் நம் வீட்டுக்கு வந்தன. சாளரம் என்ற நம் சொல் ஏட்டில் தங்கிவிட, ஜன்னல் வாயில் தங்கிவிட்டது.

கடைசியாக ஒலிவால் மாதா கோவில். கடல் கடந்த போர்ச்சுகீசியக் கோவில்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் இதுவே தாய்க்கோவில். அந்த அதிகாரம் 1514-இல் மதெய்ரா தீவிலுள்ள புஞ்சால் மறைமாவட்டத்துக்குப் போனது. அதிலிருந்து 1534-இல் கோவா பிரிந்தது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது கோவா வழியாகத்தான்.

உள்ளே குவால்தீம் பாய்ஷின் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஆண்டு 1233 என்று காணும். அது பழைய ஸ்பானியக் கணக்கு, 38 கழித்தால் 1195. லத்தீனில் ‘சேவகர்’ என்ற இடத்தில் ‘மீலெஸ்’ என்ற சொல் நிற்கிறது. பண்டைக் காலத்தில் வெறும் போர்வீரன், இடைக்காலத்தில் குதிரைச் சேவகன். பையனுக்கு அந்த வரியைத் தமிழில் படித்துச் சொன்னேன்: “சகோதரர் குவால்தீனுஸ், போர்ச்சுகலின் ஆலயச் சேவகர் தலைவர், மறைந்தார்.”