காட்டிக்கொடுக்கும் கருவி

ஹட்டனில் வாடகை வான் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பொலிஸாரின் வேக ரேடாரை முன்கூட்டியே உணர்த்தும் கருவியொன்றை வெளிநாட்டு உறவினர் கொடுத்திருக்கிறார், வாகனத்தில் பூட்டலாமா, சட்டம் விடுமா?

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காரில் வைத்திருக்கலாம், வேர்ஜீனியாவில் கூடாது. பிரான்சிலும் கூடாது.

ரேடார் வேகத்தை அளப்பது டொப்ளர் விளைவால். கொட்டகலையை நெருங்கும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், கடந்ததும் தாழ்ந்தும் கேட்கிறதே, அதுதான். 24.15 கிகாஹேர்ட்ஸ் அலை, 60 கிலோமீற்றர் வேகத்தில் எதிரே வரும் வாகனத்தில் பட்டுத் திரும்பினால் அதன் மீடிறன் ஏறத்தாழ 2,700 ஹேர்ட்ஸ் கூடியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. இவ்வளவு உயர்ந்த மீடிறனைக் கருவி அப்படியே கையாளுவதில்லை. தனக்குள் ஒரு சிறு அலையியற்றியை வைத்து, வரும் அலையோடு தன் அலையைக் கலக்கிறது. பஜனையில் இரண்டு ஹார்மோனியங்கள் சற்றே சுருதி பிசகினால் 'வும் வும்' என்று ஓர் அடிப்பு எழுமல்லவா? அதைப்போல இரண்டு அலைகளின் வித்தியாசம் தனியாகப் பிறக்கிறது. அந்த மெதுவான அலையைப் பெருக்கித்தான் கருவி கூவுகிறது. ஆனால் உள்ளே பிறக்கும் அலை பெட்டிக்குள் முழுதாக அடங்குவதில்லை. எந்த அன்டெனாவால் கேட்கிறதோ அதன் வழியாகவே கொஞ்சம் வெளியே கசிகிறது! தடையுள்ள இடங்களில் பொலிஸார் 11.5 கிகாஹேர்ட்ஸ் அளவில் அந்தக் கசிவைக் கேட்கும் வாங்கியை வீதியோரம் வைத்தார்கள். ஒளித்து வைத்த கருவி தன் இருப்பைத் தானே அறிவித்தது. தயாரிப்பாளர்கள் கசிவை அடக்க உறை போட்டார்கள், மீடிறனை மாற்றினார்கள்.

சமவெளியில் கருவிக்கு ஓர் அனுகூலம் உண்டு. ரேடார் அலை போய்த் திரும்ப வேண்டும், கருவிக்கு ஒருவழிப் பயணமே போதும். நுவரெலியா வீதியின் கொண்டை ஊசி வளைவுகளில் மண்மேடு அலையை மறைத்துவிடும். வளைவைக் கடந்ததும் ரேடாரும் கருவியும் ஒரே கணத்தில் முகம் பார்க்கும். பொலிஸார் ரேடாருக்குப் பதில் லேசர் ஒளியால் வேகத்தை அளந்தால், கருவி அலறும்போதே வேகம் பதிவாகியிருக்கும். பிரேக்கைப் பார்க்காமல் முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. றம்பொடை இறக்கத்தில் பயணிகளோடு போகிறவருக்கு அது போதாது.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கே வானொலி மீடிறன்களை ஆளுவது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம். கசிகிற கருவியும் அலை உமிழ்கிற கருவிதான் என்பது என் வாதம். ஆகவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை பூட்டாதீர்கள், ஐயா.